ஆறவிடாத மெழுகு

1989 மாசி 12, ஞாயிறு, காலை ஆறு இருபது. அம்மாவின் வலது குதிகாலில் ஐந்து வெடிப்பு, இடதில் மூன்று. ஆழமானதற்குள் தீக்குச்சியின் தலை போகும்.

ஐயா, குசினி வாசலில் கதிரை போட்டிருந்து, மெழுகுதிரியையும் தேங்காயெண்ணெயையும் என் முன்னால் வைத்தா அம்மா. "ஐயாவுக்குச் செய்த மாதிரி எனக்கும் ஒருக்காச் செய்து விடு, தம்பி." மாட்டைப் பார்த்துவிட்டு வாறேன் என்று எழும்பி வந்து இதை எழுதுகிறேன். அவ இன்னும் காலை நீட்டியபடி இருக்கிறா.

இரண்டு வருசத்துக்கு முந்தின மார்கழி லீவில், தொழில்நுட்பக் கல்லூரியிலிருந்து நெடுந்தீவுக்கு, உங்களிடமும் அம்மாவிடமும் வந்தனான். மாடுகளுக்குப் பின்னால் வெறுங்காலோடு நடந்து உங்கள் குதி பிளந்து கிடந்தது. கிணத்தடி முருகைக்கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. சவர அலகால் தடித்த தோலைச் சீவினேன். பிறகு ஊரில் எல்லாரும் செய்வதுபோல எண்ணெயில் மெழுகை உருக்கி வெடிப்புக்குள் ஊற்றினேன். மற்றவர்கள் ஆறவிட்டு ஊற்றுவார்கள். சூடாக இருந்தால்தான் அடிவரை இறங்கும் என்பது என் கணக்கு. உள்ளே இருந்த சாணியையும் மண்ணையும் கழுவவும் இல்லை. தண்ணிப் பம்பின் ஒழுக்கை அடைப்பதென்றால்கூட முதலில் துடைத்திருப்பேன்.

நோகுதோ என்று கேட்டேன். "ஒண்டும் தெரியேல்லை. ஊத்து." வேலிக்கு அங்கால் நின்றவரிடம், மெசின் திருத்தப் படிக்கப்போனவன் தகப்பனைத் திருத்துகிறான் என்று பகிடி விட்டீர்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. கொதிமெழுகு பட்டும் ஒரு மனிசன் காலை இழுக்கவில்லை. மானியின் முள் அசையாமல் நின்றால் மானியே பழுதோ என்று முதலில் பார்க்கப் படித்தவன் நான். பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் கால் வீங்கியது. ஒரு நாள் காற்றால் வள்ளம் ஓடவில்லை. அடுத்த நாள் கடலில் இறங்கக் கூடாதென்று நேவியின் உத்தரவு. ஐந்தாம் நாள்தான் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி. டொக்டர் உள்ளங்காலில் ஊசியால் குத்தினார்; நீங்கள் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கனகாலச் சீனி வருத்தம், நீரிழிவு, காலில் உணர்ச்சி செத்துப்போச்சு என்றார். ஆர் இப்பிடி மெழுகு ஊற்றினது என்றும் கேட்டார்.

நான் வாய் திறக்க முன் நீங்கள் சொன்னீர்கள்: "நான்தான் டொக்டர். கை பிசகிப் போச்சு."

பதினோராம் நாள் நீங்கள் இல்லை. சீனி வருத்தத்தால் போனார் என்று அம்மாவிடம் சொன்னேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை; மெழுகு சுட்டதை அவ அறியா. நீங்கள் எனக்காகச் சொன்ன அந்த ஒரு வசனத்துக்குப் பின்னால் இவ்வளவு நாளும் ஒளிந்திருக்கிறேன்.

இன்று எழும்பி வர முன் அம்மாவின் ஆழமான வெடிப்பைப் பெருவிரலால் அமத்தினேன். நோகுதோ என்று கேட்டேன். இல்லை என்றா.

இனிச் செய்யப்போவது:

1. உள்ளே போய், உங்கள் காலைக் கெடுத்தது நான் ஊற்றிய கொதிமெழுகுதான் என்று சொல்வது. மற்றதெல்லாம் இதுக்குப் பிறகு.
2. இளஞ்சூட்டுத் தண்ணி, சவர்க்காரம், பத்து நிமிசம். சூட்டை என் முழங்கையால் பார்ப்பது. அலகும் கல்லும் கிட்ட வரக்கூடாது.
3. ஈரத்தை ஒற்றி, குதிக்கு மட்டும் எண்ணெய். விரலிடுக்கில் வேண்டாம். மேலே சுத்தமான காலுறை.
4. நாளைக்கு வள்ளம் ஓடினால் ஆஸ்பத்திரி, சீனி பார்க்க. ஓடாவிட்டால் ஓடுகிற முதல் வள்ளத்தில்.
5. முதலாவதைக் கேட்டு அவ காலை இழுத்துக்கொண்டால், பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுவது. அவ கழுவட்டும். நான் வாசலுக்கு வெளியில் நின்று சொல்லிக் கொடுப்பேன்.