டேப் அழுத்தினால் என் பெயர்

செவ்வாய் இரவு, ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம்.

பள்ளி லேபில் ஒவ்வொரு ப்ரோக்ராமிலும் பெயர் போட வேண்டும். தினமும் அடிக்கச் சோம்பல்பட்டு, எடிட்டரில் கன்ட்ரோலையும் ஐ-யையும் சேர்த்து அழுத்தினால் என் பெயர் விழும்படி நேற்று மாற்றி வைத்தேன். இன்று அதே கம்ப்யூட்டரில் ஷபானா உட்கார்ந்தாள். வரியை உள்ளே தள்ள டேப் அழுத்தினாள். என் பெயர் வந்தது. திரும்ப அழுத்தினாள். திரும்பவும் என் பெயர்.

"இன்னாடி கோமதி, உன் பேரே வந்துகினு இருக்குது?" என்று அவள் கேட்பதற்குள் சார் பின்னால் வந்து நின்றார்.

"காப்பி அடிக்கிறவ பேரையாவது அழிக்கக் கூடாதாம்மா?" என்றார். வகுப்பே சிரித்தது. ஷபானாவுக்குப் பூஜ்யம் போட்டார்.

நான் டேபைத் தொடுவதே இல்லை, ஸ்பேஸ் பாரைத் தட்டி இடைவெளி விட்டே பழகியவள். அதனால் எனக்கும் புரியவில்லை. எடிட்டரின் உதவிப் பக்கத்தில் தேடினேன். கன்ட்ரோல்-ஐ, டேப் இரண்டும் அதற்கு ஒரே எழுத்தாகத்தான் போய்ச் சேருமாம். எந்தக் கீயை அழுத்தினோம் என்று அதால் பிரித்தறிய முடியாது.

மணி அடித்ததும் சாரைக் கூப்பிட்டு அழுத்திக் காட்டினேன். "ஆங், சரி சரி" என்று மதிப்பெண்ணைத் திருத்தினார். அப்போது லேபில் நாங்கள் மூவர்தான். சிரித்தவர்கள் எல்லோரும் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

"நாளைக்கு கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லுவாராடி?" என்றாள் ஷபானா.

"அவர் சொல்லலன்னா நான் எழுந்து சொல்றேன்" என்றேன்.

நாளை முதல் பீரியடே சாருடையது.