வீட்டுக்கு அடியில் ஓடும் ரயில் என் மனைவிக்குக் கேட்காமல் போனது குறித்து

அனுப்புநர்:
கடிகாரம் பழுதுபார்ப்பவர்,
தரைத்தள வீடு,
நிலையத்தின் கிழக்கு வாயிலுக்கு எதிரில்.

பெறுநர்:
நிலைய மேலாளர் அவர்கள்,
சுரங்க ரயில் நிலையம்.

பொருள்: நடைமேடையின் கடைசி இருக்கையில் தினமும் ஒரு மணி நேரம் அமர அனுமதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ரயில் அதிர்வைக் குறைக்கக் கோரி எங்கள் தெருவார் சென்ற ஆண்டு அளித்த புகாரில் முதல் கையெழுத்து என்னுடையது. நான் வீட்டிலேயே வேலை செய்பவன். ஒவ்வொரு ரயிலுக்கும் கடுகளவுத் திருகாணிகள் மேசையிலிருந்து குதித்தோடும். தேடிப் பிடிப்பதற்குள் அடுத்த ரயில் வந்துவிடும். தாங்கள் தண்டவாளத்தின் அடியில் ரப்பர் மெத்தை பொருத்தினீர்கள். அதிர்வு அடியோடு நின்றது. நன்றி.

2. என் மனைவிக்குக் காய்ச்சலில் காது போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மெத்தை பொருத்திய வாரத்திலிருந்து, மதிய வேளைகளில் அவர் வெறுந்தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருக்கக் கண்டேன். வெக்கைக்காக என்று எண்ணினேன். ஒரு நாள், "என்னங்க, ரயிலை நிறுத்திட்டாங்களா?" என்று கேட்டார். நடந்ததைத் தாளில் எழுதிக் காட்டினேன். படித்தார். "எனக்குன்னு கேட்டுக்கிட்டிருந்தது அது ஒண்ணுதான். அதையும் நீங்களே எழுதிக் கொடுத்து நிறுத்திட்டீங்களே" என்றார்.

ரயில் முதலில் உள்ளங்காலில் தூறலாக விழும் என்றும், முழங்கால் வழியே ஏறி விலா எலும்பில் நின்று பாடும் என்றும், உறக்கத்தில் தம்மை யாரோ தொட்டிலிலிட்டு ஆட்டுவதாகவே இருக்கும் என்றும் அன்றுதான் சொன்னார். ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது, ஐயா.

3. மறுநாள் அவரை நிலையத்துக்கு அழைத்து வந்தேன். ஒவ்வோர் இருக்கையாக உட்கார்ந்து பார்த்தோம். கடைசி இரும்பு இருக்கை மட்டும் இன்னும் அதிர்கிறது. ரயில் நுழைந்ததும் அதன்மேல் இரு உள்ளங்கைகளையும் ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டார். சுரங்கக் காற்றில் அவர் கூந்தல் மெல்ல மிதந்தது. நீருக்கடியில் இருப்பவரைப் பார்ப்பதுபோல் இருந்தது. "அதே ரயில்தாங்க" என்று சிரித்தார்.

4. பதினோரு நாள் இவ்வாறு வந்தோம். நேற்று தங்கள் காவலர், பயணம் செய்யாதவர்கள் இருபது நிமிடத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்று எழுப்பிவிட்டார். அவர் தம் கடமையைச் செய்தார், குறை சொல்வதற்கில்லை.

5. மெத்தையை அகற்றும்படி நான் கோரவில்லை. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை இப்போதுதான் பகலில் கண்ணயர்கிறது. மதியம் இரண்டு மணி முதல் மூன்று மணி வரை என் மனைவி அந்த இருக்கையில் அமர, எழுத்து மூலம் அனுமதி வழங்குங்கள்.

இம்மனுவைப் படித்துப் பார்த்த என் மனைவி, 'கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்' என்று நான் எழுதியிருந்த வரியை அடித்துவிட்டார். "கெஞ்ச வேணாம். கேளுங்க, போதும்" என்றார்.

ஆகவே, கேட்கிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
கடிகாரம் பழுதுபார்ப்பவர்

(கையொப்பம்)
அவர் மனைவி

நாள்: 14, செவ்வாய்க்கிழமை
இடம்: கிழக்கு வாயில் தெரு