சாமி மேடையில் இருக்கும் மாத்திரை

லூனாஸ்

அன்பு மகன் குணாளனுக்கு அம்மா எழுதுவது. பெர்த்தில் நீயும் மருமகள் ஷீலாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க முனீஸ்வரரை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவும் நன்றாக இருக்கிறார் என்று எழுதக் கை வரவில்லை தம்பி. போனில் சொல்லலாம் என்றால் நீ கூப்பிட்டதும் அவர் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், அதனால்தான் இந்தக் கடிதம்.

நெஞ்செரிச்சலுக்கு என்று நீ அனுப்பினாயே அதிமதுர மாத்திரை, அதைச் சாமி மேடையில் வைத்து, காலையில் விபூதி பூசிக்கொண்டுதான் வாயில் போடுகிறார். கிளினிக்கில் கொடுத்த மருந்தை நிறுத்தியாயிற்று. கேட்டால், எரிச்சல் சுத்தமா போச்சுலா, என் மகன் அனுப்புனது சும்மாவா என்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை. எரிச்சல் போன மனுஷன் ஏன் நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்க வேண்டும்? ரொட்டி சானாயைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றவர், இப்போது பருப்புக் கறியில் கூழாகும்வரை ஊறவைத்து விழுங்குகிறார், நடுநடுவே தண்ணீர் வேறு. இப்படிச் சாப்பிட்டால்தான் ருசியாம். இத்தனை வருஷம் சோறு போட்ட என்னிடமே கதை விடுகிறார். பெல்ட்டில் எனக்குத் தெரியாமல் புது ஓட்டை போட்டிருக்கிறார், அதையும் பார்த்துவிட்டேன். பசாரில் காய்கறி வாங்கப் போன இடத்தில், கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் மிஸ்ஸி உமாராணியைக் கண்டபோது மெதுவாக விசாரித்தேன். சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவள் முகம் மாறி, சாப்பாடு எறங்க கஷ்டமா இருக்குன்னா சும்மா விடாதீங்கக்கா, பெரிய ஆஸ்பத்திரியில தொண்டைக்குள்ள கேமரா விட்டுப் பாக்கணும், சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க என்றாள். அன்றிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்பாவிடம் சொன்னதற்குக் கோபம் வந்துவிட்டது. டாக்டரிடம் போனால் நீ அனுப்பிய மாத்திரைக்கு நோய் கேட்கவில்லை என்று ஆகிவிடுமாம், பையன் மனசு கஷ்டப்படுமாம். நீ ஆசையாகத்தான் அனுப்பினாய், உன்மேல் குற்றம் சொல்லவில்லை. ஆனால் இன்னொரு போத்தல் அனுப்பாதே. ஷீலாவை வெறும் வயிற்றோடு வேலைக்குப் போக விடாதே, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க எங்கள் ஆசீர்வாதம்.

மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாமல், அந்த மாத்திரை பத்தாதுப்பா, ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று நீயே சொல். நான் சொன்னால் சண்டைக்கு வருகிறார். நீ சொன்னால் சட்டையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நிற்பார்.

உன் அம்மா,
இராசாத்தி