கடுதாசியில் வந்த மணல்

பொம்மிடி
2-2-2025

அன்புள்ள அம்மாவுக்கு அன்பரசி எழுதுவது.

உன் கடுதாசியைப் பிரித்ததும் மடியில் மணல் கொட்டியது. ஒரு சிட்டிகை இருக்கும். நம்ம ஓடை மணல் மாதிரி இல்லை, மினுமினு என்று இருந்தது. தட்டிவிட மனசு வரவில்லை. காலித் தைல டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். எழுத்தை அப்புறம்தான் படித்தேன்.

அப்பாதான் தபால்காரரிடம் வாங்கினார். உன் கையெழுத்து அவருக்குத் தெரியும். சட்டையில் துடைத்து அரிசி டிரம் மேல் வைத்தார். "இந்தா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆடு அவிழ்க்கப் போய்விட்டார்.

போனில் ஏன் பேச மாட்டேன் என்கிறாய் என்று கேட்டிருந்தாய். போன் அப்பாவுடையது. நான் பேசினால் அவர் பக்கத்திலேயே நிற்பார். கேட்காத மாதிரி வேறு பக்கம் பார்ப்பார். நான் "ம், சரி" என்று வைத்துவிடுவேன். கடுதாசி என்றால் அடித்து அடித்து எழுதலாம்.

சமையல் வேலை, மூன்று மாதம்தான் என்று சொல்லிப் போனாய். ஆறு மாதம் ஆகிவிட்டது. ஈஸ்டருக்கு வந்துவிடு அம்மா. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அங்கே ஜனங்கள் பலகை மேல் ஏறி நின்றுகொண்டே துடுப்புப் போட்டுப் போகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, நிஜமா? நம்ம சாமியாரிடம் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சேர்த்துவிடுவார்.

உன் மகள்,
அன்பரசி


கோவளம்
13-2-2025

என் கண்ணு அன்பரசிக்கு அம்மா எழுதுவது. மாதா உன் பக்கத்தில் இருக்கட்டும்.

நிஜம்தான் சாமி. நானே நின்றுவிட்டேன்.

எங்கள் முதலாளி கோகிலவாணி அக்காதான் ஏற்றிவிட்டார். வாடகைக்குப் பலகை விடுகிற கொட்டகை அவருடையது, நான் அங்கே வருகிறவர்களுக்கு இட்லி அவிக்கிறேன். "எத்தன நாளைக்கு லூர்து கரையிலயே நின்னு பாப்ப? ஏறு" என்றார். முதலில் முழங்கால் போட வேண்டும். கோவிலுக்குப் போகிறவளுக்கு அது பழக்கம்தானே. அப்புறம் ஒவ்வொரு காலாக எழுந்திருக்க வேண்டும். நான் துடுப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, களி கிண்டுகிற மாதிரி சுற்றினேன். பலகை நின்ற இடத்திலேயே வட்டம் போட்டது. அக்கா சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா, கட்டி தட்டாம கிண்டு!" என்றார். மூன்று தடவை விழுந்தேன். காலைக் குனிந்து பார்த்தால் விழுந்துவிடுவோமாம். தூரத்தைப் பார்க்க வேண்டுமாம். நாலாம் தடவை பார்த்தேன், நின்றேன்.

சென்னைக்குப் பக்கத்தில் இதற்கு நல்ல இடங்கள் எதெது என்று எனக்கு இப்போது அத்துப்படி. கோவளத்துக் கடல் விடிகிற நேரத்தில் நல்லது, காற்று கிளம்புவதற்குள் திரும்பிவிட வேண்டும். புதிதாக ஏறுகிறவர்களுக்கு முட்டுக்காடுதான். கடல் உள்ளே வந்து படுத்த மாதிரி உப்பங்கழி, அலை கிடையாது. விசைப்படகு கிளம்பும் முன்னே போனால் தண்ணீர் கண்ணாடிதான். அதிலேயே தெற்கே போனால் செடிகள் தண்ணீருக்குள் கால் வைத்து நிற்கும், நண்டு ஓடுவது தெரியும். வடக்கே பழவேற்காடு ஏரி இருக்கிறது, தூரம். தண்ணீர் இடுப்பளவு, பனிக்காலத்தில் ரோஸ் நிறத்தில் நாரை மாதிரி பறவைகள் வருமாம். நான் இன்னும் போகவில்லை. மழை மாதங்களில் எங்கேயும் இறங்கக் கூடாது.

உன் கடுதாசியின் ஓரத்தில் புளி ஒட்டியிருந்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை கையில் புளி எப்படி?

அம்மா,
லூர்துமேரி


பொம்மிடி
2-3-2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். களி கிண்டியதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். அப்பா திரும்பிப் பார்த்தார். நானாகவே படித்துக் காட்டினேன். ஆட்டுக்குத் தழை போட்டுவிட்டு வந்து, "அவளுக்கு நீச்சல் தெரியாதே" என்றார். அவ்வளவுதான்.

நம்ம ஏரியில் தண்ணீரே இல்லை. நடுவில் ஆடு மேய்கிறது.

புளி ஒன்றுமில்லை. சனி, ஞாயிறு மட்டும் கலைமணி அக்கா கொட்டகையில் புளி தட்டப் போகிறேன். பள்ளிக்கூடம் நன்றாகப் போகிறது. பத்தாவது என்பதால் சாயந்திரமும் வகுப்பு வைக்கிறார்கள்.

ஒரு சேதி. அப்பா வூட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார். யாரும் சொல்லவில்லை. உன் பெட்டி இருக்கிற மூலையைக்கூட விடவில்லை, பெட்டியை நகர்த்தி அடித்து, திரும்பி அதே இடத்தில் வைத்தார். "ஈஸ்டர் வருதில்ல" என்றார்.

எந்த வண்டியில் வருகிறாய் என்று எழுது. நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

உன் மகள்,
அன்பரசி


கோவளம்
27-3-2025

என் தங்கத்துக்கு,

இந்தக் கடுதாசியை நாலு நாளாக எழுதுகிறேன். ஈஸ்டருக்கு என்னால் வர முடியாது கண்ணு. லீவு நாளில்தான் இங்கே கூட்டம். அது ஒரு காரணம். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, இன்னொன்றும் இருக்கிறது. இனிமேல் இங்கேயே இருந்துவிடலாம் என்று நினைக்கிறேன். அக்கா கொட்டகைக்குப் பின்னால் ஒரு ரூம் கொடுத்திருக்கிறார்.

உங்கப்பா கெட்டவர் இல்லை. ஒருநாளும் என்னைக் கை நீட்டி அடித்ததில்லை. பதினாறு வருஷத்தில் ஒருநாளும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. "இந்தா", "ஏய்" இரண்டும்தான். இங்கே விடிந்தால், "லூர்து, தண்ணி நல்லாருக்கு, வர்றியா?" என்று ஒரு குரல் கேட்கிறது. இதற்காகவா ஒருத்தி வூட்டை விட்டு இருப்பாள் என்று நீ கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

நீ படிக்கிறாய் என்ற ஒரே தைரியத்தில் இருக்கிறேன். நீ படிப்பை விட்டாய் என்று யாராவது சொன்னால், அன்றைக்கே பெட்டி கட்டிக்கொண்டு வந்துவிடுவேன். இது மாதா மேல் ஆணை.

ஒரு உதவி. ரேஷன் கார்டில் இருந்து என் பெயரை எடுக்க வேண்டும். அப்போதுதான் இங்கே கார்டு வாங்க முடியும். இ-சேவை மையத்துக்கு உங்கப்பாவைக் கூட்டிப் போ. அவர் போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொன்னால் போதும்.

பரீட்சை முடிந்ததும் லீவுக்கு வா. முட்டுக்காட்டில் உன்னை ஏற்றிவிடுகிறேன்.

அம்மா


பொம்மிடி
6-4-2025

அம்மா,

இதை உனக்கு அனுப்பப் போவதில்லை. அதனால் கை கழுவாமலே எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூடம் போவதில்லை. நீ போன மூன்றாம் வாரமே நின்றுவிட்டேன். யாரும் நிறுத்தவில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு அப்பா வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டீச்சர் எல்லோர் எதிரிலும், "அன்பரசி, உங்கம்மா எங்க?" என்றார். வேலைக்குப் போயிருக்கிறாய் என்று சொன்னால் முடிந்தது. நான் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். திரும்பக் கேட்டார். பின்னால் யாரோ ஒருத்தி, "ஓடிப்போயிடுச்சு டீச்சர்" என்றாள். ஒரு பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் நான் எழுந்து களி கிண்டினேன், ஆடு அவிழ்த்தேன், பையை எடுக்கவில்லை. அப்பா பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போயிருப்பேன்.

இப்போது தினமும் புளி தட்டுகிறேன். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுக்கிற வேலை. விரல் இடுக்கில் ஏறினது சோப்பு போட்டாலும் போகாது.

உன் மேல் கோபமாக இருக்கிறது. தண்ணீர் நன்றாக இருக்கிற இடமாகப் பார்த்து ஒவ்வொன்றாக எழுதினாய். நம்ம வூட்டில் எது நன்றாக இருந்தது என்று ஒரு வரி எழுதவில்லை.

'படிப்பை விட்டுவிட்டேன்' என்று எழுதினால் போதும், வந்துவிடுவாய். நேற்று அதை எழுதியும் பார்த்தேன். நீ வருவாய். அடுப்படியில் நிற்பாய். அப்பா "இந்தா" என்று கூப்பிடுவார். தூரத்தைப் பார் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இங்கே அடுப்புக்கு எதிரே சுவர்தான் இருக்கிறது. வெள்ளையாக இருக்கிறது, ஆனாலும் சுவர்தான்.

மே மாதம் ரிசல்ட் வரும். அதற்கு ஒரு பொய் தேட வேண்டும்.

இதை அடுப்பில் போட்டுவிட்டு, கையை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துக் கழுவப் போகிறேன்.


பொம்மிடி
17-4-2025

அன்புள்ள அம்மாவுக்கு அன்பரசி எழுதுவது.

பரீட்சை முடிந்தது. கணக்கு மட்டும் கொஞ்சம் கஷ்டம். நீ கவலைப்படாதே.

நேற்று அப்பாவும் நானும் இ-சேவை மையத்துக்குப் போனோம். கம்ப்யூட்டரில் இருந்தவர், "யார் பேருங்க எடுக்கணும்?" என்று கேட்டார். நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பாவே, "லூர்துமேரி" என்றார். உள்ளே ஃபேன் சத்தம். "கொஞ்சம் சத்தமா சொல்லுங்கண்ணா" என்றார் அவர். அப்பா மேசையைப் பிடித்துக்கொண்டு, "லூர்துமேரி" என்று திரும்பவும் சொன்னார். வெளியில் வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். "என்ன காரணம்னு போட?" என்றதற்கு, "அவளுக்கு அங்க வேல நல்லாருக்குங்க. அப்படிப் போடுங்க" என்றார். நம்பர் வந்தது. அதை நான் படித்துச் சொன்னேன்.

பெயர் எடுத்ததற்குக் கொடுத்த சீட்டு இதோடு வைத்திருக்கிறேன்.

லீவுக்கு வர முடியாது அம்மா. ஆடு சினையாக இருக்கிறது, அப்பா தனியாகப் பார்க்க முடியாது. நீ பழவேற்காட்டுக்குப் போனால் அந்தப் பறவை பற்றி எழுது.

இன்றைக்குப் பெரிய வியாழன். அப்பா கோவிலுக்குப் போயிருக்கிறார். நான் உலை வைத்துவிட்டு, உன் மணலை டப்பாவில் இருந்து தரையில் கொட்டிப் பரப்பினேன். ஒரு உள்ளங்கை அகலம்கூட வரவில்லை. அதன் மேல் நீ உட்கார்ந்து காய் நறுக்குகிற பலகையை வைத்தேன். முதலில் முழங்கால் போட்டேன். அப்புறம் ஒவ்வொரு காலாக எழுந்து நின்றேன். பலகை கொஞ்சம் ஆடியது. குனிந்து பார்க்கவில்லை. வாசல் வழியாக ரயில் ரோடு தெரிந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். உலை கொதிக்கிற சத்தம் கேட்டது. இறங்கிப் போய் கேழ்வரகு மாவைப் போட்டுக் கிண்டினேன்.

உன் மகள்,
அன்பரசி