கூடைத் தடுப்பு

4-1-1937, திங்கள்
ஆறு பெட்டி இழுத்து வந்த காலை ரயில்வண்டிக்குப் பதில் இன்றுமுதல் ஒற்றைப் பெட்டி. எண்ணெயில் ஓடும் எஞ்சின் அதற்குள்ளேயே. கரிச்செலவு மிச்சமாம், புதுக்கோட்டைக்கு பஸ் கட்டணத்தில் பாதிதான். ஆனால் எங்கள் ஊர் ஹால்ட்டில் நின்ற ஜனம் ஏறவில்லை. ஒதுங்கி நின்று கும்பிட்டது! துரை வருகிற வண்டி என்று நினைத்துவிட்டார்கள். நானும் என் பள்ளிக்கூடத்துப் பெண்கள் ஏழு பேரும்தான் ஏறினோம். வழியெல்லாம் சிரிப்பு.

5-1
சிரித்திருக்கக் கூடாது. டிக்கெட் கொடுக்கும் கண்ணுசாமி ரயில் கம்பெனியிலிருந்து வந்த காகிதத்தைக் காட்டினார். இந்த மாதக் கடைசிக்குள் இங்கே வண்டிக்கு இருபது பேராவது ஏறாவிட்டால் வண்டி நிற்காது.

8-1
எட்டே பேர்.
என் ஏழு பெண்களில் ஒருத்தியான சொர்ணவல்லியின் அப்பா பழனிச்சாமி வழிமறித்தார். "பழைய வண்டியில பொம்பளைக்குத் தனிப் பெட்டி இருந்துச்சு, அனுப்புனேன். இதுவும் நின்னு போனா பஸ்சுல இடிபட விடமாட்டேன் டீச்சரம்மா. கல்யாணத்த முடிச்சிருவேன்."
மார்ச்சில் அவளுக்குக் கடைசிப் பரீட்சை. இரண்டு மாதம் - இரண்டே மாதம்!

16-1
வண்டிக்குள் பெண்களுக்குத் தடுப்புக் கேட்டு ரயில் கம்பெனிக்கு எழுதியதற்குப் பதில்: முதலில் ஆள் சேரட்டும். ஆள் சேரத்தானே தடுப்பு? யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

18-1
காய்கறி விற்கும் இருளாயியை ஏறச் சொன்னேன். "ஆம்பளைக மூஞ்சிக்கு நேரா உக்காரவா? நீங்க படிச்சவுக தாயி. எங்கிட்டு உக்காந்தாலும் ஒங்கள ஒண்ணும் சொல்லமாட்டாக."
சுருக்கென்றது. முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாருக்கும் வழிகாட்டுவதாக அல்லவா நினைத்திருந்தேன்?

19-1, செவ்வாய்
இருளாயி பத்துப் பெண்களோடு வந்துவிட்டாள். கூடைகளை நடுவில் இரண்டடுக்காக வைத்தார்கள். "இங்கிட்டுப் பொம்பளைக. அங்கிட்டே இருங்கண்ணே!"
கார்டு செல்லமுத்து, "நடையில சாமான் வைக்கக்கூடாதுங்கம்மா, ரூல் இருக்கு" என்று என்னைப் பார்த்தார்.
விதி மீறினால் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துகிறவள் நான். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பத்தொன்பது பேர். ஒருவர் குறைவு.

26-1
இன்றும் பத்தொன்பதுதான். நாளை அதிகாரி எண்ண வருகிறாராம்.

27-1

அதிகாரி ஏறி, கூடைகளைப் பார்த்து நின்றார். "யாருடையவை?" "அது தடுப்பு ஐயா. நாங்கள் எழுதிக் கேட்டது" என்றேன். "விதி தெரியுமா?" "தெரியும்."
இங்கே ஏறியவர்களை எண்ணினார். எட்டு, பதினைந்து, பத்தொன்பது - கடைசி வரிசையில் இன்னொருத்தி, மடியில் கூடையோடு. சொர்ணவல்லியின் அம்மா சின்னப்பிள்ளை.
இருபது. எழுதிக்கொண்டு இறங்கினார்.
"என்ன விக்கப் போற சின்னப்பிள்ளை?" என்று கூடைக்குள் எட்டிப்பார்த்தேன். காலி.
"அவுகளுக்குத் தெரியாது. சொல்லிறாதீங்க டீச்சரம்மா."

1-2
வண்டி இன்றும் எங்கள் ஹால்ட்டில் நின்றது.

8-3, திங்கள்
சொர்ணவல்லிக்கு இன்று பரீட்சை தொடங்கியது. வண்டியில் எனக்கு உட்கார இடமில்லை. கூடைகள் இருந்த இடத்தில் புதுப் பலகை அடித்திருக்கிறார்கள். அதில் சாய்ந்து நின்றே போனேன். பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் சேலை முதுகில், இடம் வலம் மாறி, வெள்ளை எழுத்தில் 'பெண்கள்'.
வர்ணம் காயவில்லை போலிருக்கிறது.