ஓட்டில்லாத கை

பெரியவளின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி தேவலையா?

நேற்று என் மானம் போனது. வெளிநாட்டுத் தொழிலாளர் விடுப்பு பற்றிய பன்னாட்டுக் கொள்கைக் குழுவில், வெல்டரான என்னையும் நிபுணர் ஆலோசகராகச் சேர்த்திருக்கிறார்களே. ஊருக்குப் போக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடுப்பா, வருடந்தோறுமா என்று வாக்கெடுத்தார்கள். வருடந்தோறும் என்றதும் முதல் ஆளாகக் கையைத் தூக்கிவிட்டேன்.

மொழிபெயர்ப்பாளர் தம்பி காதைக் கடித்தார். "அண்ணே, கைய இறக்குங்க. ஆலோசகருக்கு ஓட்டு கிடையாது. கருத்து மட்டும்தான்."

"எங்க வீட்லயும் எனக்கு அதே பதவிதான் தம்பி" என்றேன். அவர் அதையும் மொழிபெயர்த்துவிட்டார். சபையே சிரித்தது. கோபிக்காதே, பெரியவளைக் கல்லூரியில் சேர்த்துவிட்டுத்தானே என்னிடம் கருத்துக் கேட்டாய்?

குழுத் தலைவி வாக்கெடுப்பை நாளைக்குத் தள்ளிவைத்து, என் கருத்தைக் கேட்டார். களைத்த உடம்பு வேலையில் தவறு செய்யும், வருடந்தோறும் விடுப்பு வேண்டும் என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

சின்னவளின் உயரத்துக்கு ஒரு நூலை அளந்து அடுத்த கடிதத்தில் வை. கவுன் எடுக்கத்தான். வேலைக்கு வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

பி.கு.: நான் கையைத் தூக்கிய உண்மையான காரணத்தைச் சபையில் சொல்லவில்லை. போன விடுப்பில் சின்னவள் என் மடியில் உட்கார்ந்து, "அப்பா, நீங்க எப்ப உங்க வீட்டுக்குப் போவீங்க?" என்று கேட்டாள்.