ஆறடி போதாது

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை சொல்லும் வாயும் நன்றாகவே இருக்கிறது. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நீ அதை முடித்து வைக்கிறாய். கடிதத்தில் அது நடக்காது. இன்னொரு வசதி, உன் பதில் இங்கே வந்து சேரப் பத்து நாள் ஆகும். நான் செய்ய நினைத்ததை அதற்குள் செய்து முடித்துவிடலாம்.

போன வாரம் ஓய்வு பெற்றுவிட்டேன். முப்பத்தோரு வருஷம் எக்ஸ்ரே அறையில் "மூச்சை இழுத்துப் பிடிங்க... ம், விடுங்க" என்று ஊரையே மூச்சு விட வைத்தவளுக்கு ஆஸ்பத்திரியில் சுவர்க்கடிகாரம் தருவதாக இருந்தார்கள். "கடிகாரம் வேணாம் சார், அந்தப் பழைய இருட்டறை கறுப்புத் திரை சும்மாதானே கிடக்கு, அதைக் கொடுங்க" என்றேன். பெரிய டாக்டர் என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

விஷயம் இதுதான். நம் வீட்டுக் கூடத்தில் சினிமா கொட்டகை போடப் போகிறேன். வயசு ஐம்பத்தெட்டுதான். நூற்றுப் பதினாறு வரை இருப்பதாகத் திட்டம், ஆகையால் இது இடைவேளை. புரொஜெக்டர், சவுண்டு எல்லாம் கையில் இருக்கிற சின்னத் தொகைக்குள் முடிய வேண்டும். எதை வாங்கலாம் என்று எழுது. கேட்பேன் என்று சொல்லவில்லை.

அன்புடன்
அக்கா


மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். இந்தக் காலத்திலும் தபால்காரரை வேலை வாங்குகிற ஆள் நீ ஒருத்திதான்.

கேட்டுவிட்டதால் சொல்கிறேன். மலிவான புரொஜெக்டரில் அட்டைப்பெட்டி மேல் போட்டிருக்கும் வெளிச்சக் கணக்கு அத்தனையும் கட்டுக்கதை, நம்பாதே. சவுண்டுக்கு ஒரு சின்ன சவுண்ட்பார் போதும். ஒயர் வைத்தே இணைத்துவிடு. ப்ளூடூத்தில் போட்டால் சில சமயம் வாய் மூடின பிறகுதான் வசனம் வரும்.

ஆனால் என் உண்மையான யோசனை, எதையும் வாங்காதே. போன வருஷமே சொன்னேன், வீட்டை விற்பதுதான் புத்திசாலித்தனம். இங்கே என் நண்பன் கட்டட இன்ஜினியர். போட்டோவைப் பார்த்தே சொல்லிவிட்டான், சுவரெல்லாம் வலுவிழந்துவிட்டதாம். கூடத்துக்கும் என் அறைக்கும் நடுவில் இருக்கும் சுவர் ரொம்ப அபாயமாம். நீ தனியாக இருக்கிறாய், எனக்கு இங்கே தூக்கம் வருவதில்லை. உனக்கு அடுக்குமாடியில் ஒற்றை அறை வீடு ஒன்று பார்த்திருக்கிறேன். லிஃப்ட் உண்டு.

வீடு நம் இரண்டு பேர் பெயரிலும் இருப்பதால் நீ கையெழுத்துப் போடாமல் ஒன்றும் நகராது. தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்ட இடத்தில் போட்டு வை. ஏப்ரல் கடைசியில் தரகர் வருவார், அவரிடம் கொடு. உணர்ச்சிவசப்படாமல் யோசி.

அன்புள்ள
தம்பி


மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தபோது கூடத்தில் புரொஜெக்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் உன் யோசனையை மதித்து முழுசாகப் படித்தேன்.

கடைக்காரர் ஒரு சோப்புப் பெட்டி சைஸ் சாமானைக் காட்டி, "மேடம், இருபதாயிரம் லூமென்ஸ், சூரியன் மாதிரி அடிக்கும்" என்றார். "சூரியனை எதுக்குப்பா அட்டைப்பெட்டியில வெச்சிருக்கே? கடை விளக்கைப் போட்டுட்டு, இந்த வெள்ளைத்தாள்ல ஒரு எழுத்தைக் காட்டு" என்றேன். நடுவில் எழுத்து தெரிந்தது, ஓரத்தில் பூஞ்சை பிடித்த மாதிரி இருந்தது. நுரையீரலில் கடுகளவு புள்ளியைக் கண்டுபிடித்த கண் இது. என்னிடமா!

கடைசியில், மூடிவிட்ட ஒரு டியூஷன் சென்டரில் பழைய புரொஜெக்டர் பாதி விலைக்குக் கிடைத்தது. விளக்கு இன்னும் இரண்டாயிரம் மணி நேரம் எரியுமாம். ஒரே குறை, போட்டதும் முதலில் "தேர்வில் வெற்றி நிச்சயம்" என்று பெரிய எழுத்தில் வரும். எடுக்கத் தெரியவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்குத்தான் அது தேவையில்லை? திரைக்குத் துணி வாங்கவில்லை. படுக்கை விரிப்பைக் கட்டிப் பார்த்ததில் இளம் கதாநாயகிக்கு முகமெல்லாம் சுருக்கம் விழுந்து என் வகுப்புத் தோழி மாதிரி ஆகிவிட்டாள். சுவருக்கே பளபளப்பில்லாத வெள்ளை அடித்துவிட்டேன்.

இப்போது நான் பண்ணின கூத்தைக் கேள். சிரி, தப்பில்லை. புரொஜெக்டர் வைக்கக் கூடத்தில் பலகை அடித்தேன். அளந்து, ஆறு திருகாணி போட்டு, அசையாமல் அடித்தேன். போட்டுப் பார்த்தால் படம் ஒரு ஜன்னல் அளவுக்குத்தான் விழுகிறது. பக்கத்து வீட்டு டைலரம்மா, "என்னக்கா, சினிமான்னு கூப்பிட்டுட்டு எட்டிப் பார்க்கச் சொல்றீங்க?" என்கிறாள். டேப்பை எடுத்துத் திரும்ப அளந்தேன். சுவருக்கும் பலகைக்கும் சரியாக ஆறடி! நெஞ்சு எக்ஸ்ரேவுக்குக் குழாயை நிறுத்துகிற தூரம். முப்பத்தோரு வருஷப் பழக்கம், கை தானாகவே அங்கே போய் நின்றுவிட்டது.

சுவர் நிறையப் படம் விழப் பதினான்கு அடி வேண்டும். கூடத்தின் நீளமே பத்தடி. பாக்கி நாலடி உன் அறைக்குள் இருக்கிறது. அந்த அறைச் சாவி உன்னிடம் இருக்கிறது. நீ வெளிநாடு போய் இருபத்திரண்டு வருஷமாகப் பூட்டியே கிடக்கிறது. சாவியை அனுப்பு.

தாள் கிடைத்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அன்புடன்
அக்கா


ஏப்ரல் 4

அக்கா,

சாவி அனுப்ப முடியாது. அந்த அறையைத் தொடாதே. என் சாமான்கள் அதில் இருக்கின்றன. என் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும் ஷாக் அடிக்கும் என்று அப்போதே சொல்லியிருக்கிறேன், மறந்துவிடாதே.

அந்தச் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்காதே. இடிந்து உன் மேல் விழுந்தால் நான் ஓடி வரவா முடியும்? நீ சின்ன வயசிலிருந்தே பிடிவாதக்காரி. இது விளையாட்டில்லை. தரகர் இருபத்தாறாம் தேதி மத்தியானம் வருகிறார். வீட்டைச் சுத்தமாக வை, தாளில் கையெழுத்துப் போட்டு வை.

தம்பி


ஏப்ரல் 27

அன்புள்ள தம்பிக்கு,

உன் தடை உத்தரவு பதினான்காம் தேதி வந்தது. வேலை ஒன்பதாம் தேதியே முடிந்துவிட்டது. கடிதத்தின் அருமை இப்போதாவது புரிகிறதா?

உன் பூட்டைத் தொடவில்லை. என்னை என்னவென்று நினைத்தாய்? பூட்டு பூட்டியபடியே இருக்கிறது. கதவைத்தான் கழற்றினோம். கொத்தனார் கீல் ஆணியைத் தட்டியதும் கதவு பவ்வியமாகக் கையோடு வந்துவிட்டது.

பிறகு நடுச்சுவரில் என் தலைக்கு மேலே மூன்று சாண் சதுரத்துக்கு ஓட்டை போடச் சொன்னேன். கொத்தனார் காலையில் ஆரம்பித்தார். மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மூன்று செங்கல்தான் வெளியே வந்திருந்தது. "எந்த மகராசன்மா இதைக் கட்டினான்? ரெண்டு உளி மழுங்கிப் போச்சு. இந்தக் காசுக்கு நான் வந்திருக்கவே கூடாது" என்று என்னைத் திட்டினார். அபாயமான சுவர் என்று என் தம்பி சொன்னதைச் சொன்னேன். "அபாயம் எனக்குத்தான்மா, முதுகு போச்சு" என்றார்.

உன் அறையில் ஒரு போர்வைக்கு அடியில் அவை இருந்தன. இடுப்பு உயரத்துக்கு இரண்டு மர ஸ்பீக்கர், நடுவில் ஆம்ப்ளிஃபயர். மேலே மண்டையோடு வரைந்து, "அபாயம்! தொட்டால் ஷாக்!" என்று உன் கையெழுத்தில் ஒரு சீட்டு. மண்டையோட்டுக்கு நீ மீசை வேறு வைத்திருக்கிறாய்.

இதை உன்னிடம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. நான் எக்ஸ்ரே கதிருக்குப் பயப்படாதவள். ஆனால் அந்தச் சீட்டுக்கு இருபத்திரண்டு வருஷம் பயந்தேன். பாட்டு கேட்க ஆசை வந்த நாளெல்லாம் பூட்டின கதவைப் பார்த்துவிட்டு, உள்ளங்கை அகல ரேடியோவைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு இரண்டு கையிலும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். டைலரம்மா என்னை இழுத்துப் போட ஒரு மரக்கட்டையோடு பின்னால் நின்றாள். கும்மென்று ஒரு சத்தம். அப்புறம், ஒயரில் இணைத்து வைத்திருந்த ரேடியோவிலிருந்து பாட்டு. ஷாக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. இடது ஸ்பீக்கர் மட்டும் கொஞ்சம் உறுமுகிறது. என் சவுண்ட் செலவு இரண்டு ஒயரோடு முடிந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ அபாயம் என்று சீட்டு ஒட்டினதெல்லாம் நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஸ்பீக்கரும் சரி, சுவரும் சரி. நான் தனியாக இருப்பதும் அதில் சேர்த்தி.

நேற்றுத் தரகர் வந்தார். மனிதர் வருவதற்கு முன் அவர் சென்ட் வந்தது. மத்தியானம் மூன்று மணி, கறுப்புத் திரையை இழுத்துவிட்டு நாங்கள் பதினோரு பேர் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். டைலரம்மா, ஆஸ்பத்திரி ஆயாக்கள், ஆம்புலன்ஸ் டிரைவர் எல்லோரும். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றேன். ஓட்டை வழியாக வெளிச்சம் பாய்ந்து, சுவர் நிறைய "தேர்வில் வெற்றி நிச்சயம்" என்று வந்தது. "ம், விடுங்க" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். தரகர் அளவு டேப்பைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். அப்புறம் உட்கார்ந்தார். சிரிப்பு வரும் இடத்தில் எங்களுக்கு முன்னால் சிரித்தார். படம் முடிந்ததும் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, பழுதான வீடு, குறைச்ச விலைக்கு முடிச்சாலும் போதும்னுதானே உங்க தம்பி சொன்னாரு? இது கல்லு மாதிரி இருக்கே!"

"தம்பி இருக்கிற தூரத்துல இருந்து பார்த்தா அப்படித்தாங்க தெரியும்."

"சரி, அடுத்த படம் என்னைக்கு?"

உன் தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்து இல்லை. போடவும் மாட்டேன், இந்த வருஷமும் சரி, நான் இருக்கும் எந்த வருஷமும் சரி. பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் கொட்டகையின் வரைபடத்தை அதில்தான் போட்டேன். உன் அறை இப்போது ஆபரேட்டர் ரூம். எனக்கு லிஃப்ட் வேண்டாம், ஒற்றை அறை வேண்டாம். ஆறடி போதும் என்கிற நாள் வந்தால் தூக்கிக்கொண்டு போக நாலு பேர் வருவார்கள். அதுவரைக்கும் எனக்குப் பதினான்கு அடி வேண்டும்.

அன்பில் குறைவில்லாத
அக்கா


மே 8

அக்கா,

தாள் கிடைத்தது. என்னைக் கேட்காமல் என் கதவைக் கழற்றியது, என் பொருளை எடுத்தது, தரகர் முன்னால் என்னை இளக்காரம் செய்தது, எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. உன் நல்லதுக்குத்தான் சொன்னேன். இங்கே எனக்கு இருக்கும் நெருக்கடி உனக்குத் தெரியாது. சொல்லவும் விருப்பமில்லை. வீட்டு விஷயத்தை இப்படியே விட முடியாது.

தம்பி

பின்குறிப்பு: இடது ஸ்பீக்கர் அப்போதே உறுமும். மேலே கனமாக ஏதாவது வை, நின்றுவிடும். சத்தத்தை ரொம்ப ஏற்றாதே. அதை வாங்க நான் எட்டு மாதம் சைக்கிளில் வேலைக்குப் போனேன். ஷாக் என்று எழுதியது, யாரும் தொடாமல் நான் வரும்வரை அப்படியே இருக்க வேண்டும் என்றுதான்.


மே 19

என் தம்பிக்கு,

உன் கடிதத்தில் பின்குறிப்பை மட்டும் இரண்டு தடவை படித்தேன். மேலே எழுதியிருந்ததற்குப் பதில் போன கடிதத்திலேயே இருக்கிறது. அது மாறாது. வேறு தரகரை அனுப்பினால் அவருக்கும் ஒரு நாற்காலி போடுகிறேன்.

நெருக்கடி என்று எழுதியிருக்கிறாய். அதை எனக்கு எழுது. வீட்டை விற்காமல் என்ன செய்யலாம் என்று யோசிப்போம். நீ பாதியில் நிறுத்தினால் இங்கிருந்து முடித்து வைக்க மாட்டேன்.

நீ சொன்னபடி இடது ஸ்பீக்கர் மேல் கனம் வைத்தேன். உறுமல் நின்றுவிட்டது. வைத்தது உன் பித்தளைப் பூட்டைத்தான், தாழ்ப்பாளோடு சேர்த்து. இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. சாவியைத் தபாலில் போடாதே, நீயே கொண்டு வா. படுக்க அறை கிடையாது. ஆபரேட்டர் ரூமில் புரொஜெக்டருக்குக் கீழே பாய் போடலாம். அங்கே படுத்தால் வெளிச்சம் உன் தலைக்கு மேலே போகும்.

அதுவரைக்கும் நீ மூச்சைப் பிடித்துக்கொண்டே இருக்கிறாய் என்று உன் எழுத்திலேயே தெரிகிறது. எத்தனை நெஞ்சைப் பார்த்தவள் நான்.

ம், விடு.

அக்கா